கணவாய் ஓடும் கூறைச்சீலையும்

பஸ்ரியாம்பிள்ளை கொழும்பில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு, ஊர்காவற்றுறையில் எந்தப் பொருளும் தன் பழைய நிறத்தில் இருக்கவில்லை. அதுவரை சிவப்பாக ஓடிய பஸ் அவர் கண்ணுக்கு மஞ்சள் கூடின சிவப்பாகிவிட்டது. கோயில் மதிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்று, "உது வெள்ளையில்லை, நீலச் சாயல்" என்றார். அடித்துக்கொண்டிருந்தவர் ஏணியில் நின்றபடியே, "அப்ப நீர் ஏறி வெள்ளையை அடியும்" என்றார். பஸ்ரியாம்பிள்ளை ஏறவில்லை. நிறத்தை அறிவது தன் தொழில், பூசுவது பிறர் தொழில் என்பது அவர் கொள்கை.

இறங்குதுறைக்குப் போகிற தெருவில் அவருடைய ஸ்ரூடியோ. வாசலில் 'நிறம் தவறாத படங்கள்' என்று பலகை. அந்தப் பலகையின் நிறம் மூன்று வருட வெயிலிலும் உப்புக் காற்றிலும் எப்போதோ தவறிவிட்டது. உள்ளே சுவரில் கொழும்புச் சான்றிதழ், லமினேற் செய்யப்பட்டு. இதைக் குறையாகச் சொல்ல முடியாது. எங்கள் தீவுகளில் எல்லாரும் எல்லாவற்றையும் லமினேற் செய்வோம். யுத்த காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலைந்து தரம் ஓடிய சனம். பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானத் துண்டு, காணி உறுதி, பிள்ளையின் ஐந்தாம் வகுப்புப் புள்ளிப் பட்டியல் என்று கையில் அகப்பட்ட காகிதம் எதையும் பிளாஸ்ரிக்குக்குள் அடைத்தால்தான் நித்திரை வரும்.

பயிற்சியில் பஸ்ரியாம்பிள்ளைக்கு ஒரு சாம்பல் அட்டையும் கொடுத்திருந்தார்கள். படம் எடுக்கமுன் அதைப் பொருளுக்குப் பக்கத்தில் பிடித்து, 'இதுதான் நடுநிலைச் சாம்பல், மற்ற நிறங்களை இதை வைத்துக் கணித்துக்கொள்' என்று கமெராவுக்குச் சொல்லவேண்டும். எளிய, நல்ல யுக்தி. அவர் அதை ஊருக்குக் கொண்டுவந்த அன்றே லமினேற் செய்து, ஒரு பட்டுத் துணியில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அந்தப் புதன்கிழமை பத்து மணிபோல அன்ரனிட்டா ஒரு பையோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை. உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டாம் சனி அவளுக்குக் கலியாணம். பைக்குள் கூறைச்சீலை: நல்ல அரக்கு நிறம், தங்கக் கரை.

"அண்ணை, இந்தச் சீலையை ஒரு படம் எடுத்துத் தாங்கோ. நிறம் அப்பிடியே வரவேணும். பாரிசில இருக்கிற மாமிக்கு அனுப்ப."

விஷயம் இதுதான். அன்ரனிட்டாவின் மாமி ஜெயந்தா, குடும்பத்துப் பெண்கள் பதினாலு பேருக்கும் கூறைக்குப் பொருந்துகிற நிறத்தில் சீலை எடுத்து வருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இந்தியாவில் நெய்து, பாரிசில் விற்று, ஊர்காவற்றுறையில் உடுக்கப்படுகிற சீலைக்குத்தான் இங்கே மதிப்பு. யாழ்ப்பாணக் கடையில் அதே சீலை ஒரு மணித்தியாலப் பஸ் தூரத்தில் தொங்குவது அதன் குற்றம். ஜெயந்தாவுக்கு வெள்ளிக்கிழமை விமானம். கடைக்காரர் மூன்று நிறத்தில் கட்டுகளை ஒதுக்கி வைத்து, இன்று பின்னேரத்துக்குள் எதுவென்று சொல்லச் சொல்லியிருந்தார்.

"நான் போனில எடுத்து அனுப்பினனான். மாமி அதை நம்பமாட்டாவாம். ஸ்ரூடியோவில எடுக்கட்டாம்," என்றாள் அன்ரனிட்டா. "அண்ணை, ஒண்டு சொல்லுறன். கலியாணப் படம் எடுக்க அப்பா யாழ்ப்பாணத்து ஆக்களோட கதைச்சு வைச்சிருக்கிறார். அவையள் மேலால பறக்கிற கமெராவும் கொண்டு வருவினமாம். நான்தான் ஊர் ஆளிட்டக் குடுப்பம் எண்டு நிக்கிறன். இந்தச் சீலையின்ர நிறம் சரியா வந்தா மூண்டு நாள் கலியாணமும் உங்களுக்கு. வராட்டி அவையளுக்கு."

பஸ்ரியாம்பிள்ளை சிரித்தார். ஐந்து வருடமாக ஊரின் பெரிய கலியாணங்களெல்லாம் யாழ்ப்பாணத்துக்கே போய், அவருக்கு மிஞ்சினது கடவுச்சீட்டுப் படமும் செத்தவீடும்தான் என்பது அந்தச் சிரிப்பில் தெரியாமல் இருக்கப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளை, நிறம் எண்டுறது என்ன? வெளிச்சத்தின்ர நடத்தை. வெளிச்சத்துக்கும் ஒரு வெப்பநிலை இருக்கு. உமக்கு விளங்காது."

"எனக்கு விளங்கத் தேவையில்லை அண்ணை. மாமிக்கு விளங்கினாக் காணும்."

ஸ்ரூடியோவின் பின்முற்றத்தில் கூரைக்குப் பதிலாக ஒரு நீலப் பிளாஸ்ரிக் படங்கு கட்டியிருந்தது. மின்சாரம் நின்றாலும் பகல் வெளிச்சத்தில் வேலை நிற்காமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு. அதன் கீழே கதிரையில் சீலையை விரித்து, கமெராவை வெயிலுக்கான அளவில் வைத்து, மூச்சை அடக்கி ஒரே ஒரு படம் எடுத்தார். கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தபோது முகம் சற்று மாறியது. உடனே திரையின் பொத்தான்களை அமத்தி, சிவப்பைக் கூட்டி, நீலத்தைக் குறைத்து, திரையில் தெரிகிற சீலை கதிரையில் கிடக்கிற சீலை மாதிரி ஆகும்வரை விடவில்லை.

"இப்ப பாரும். அச்சொட்டு."

"அண்ணை, நீங்கள் திருகினது உங்கட திரையை. மாமியின்ர போனையில்லையே."

"உது நுட்பமான விஷயம்," என்று சொல்லி அனுப்பும் பொத்தானை அமத்தினார்.

இரண்டு நிமிடத்தில் பாரிசிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. ஜெயந்தா தலை வாராமல் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கூடு, அதற்குள் ஒரு பச்சைக் குருவி, கம்பியில் தொங்கிய ஏதோ வெள்ளைத் துண்டைக் கொத்திக் கொத்திக் கத்தியது. ஜெயந்தாவும் பஸ்ரியாம்பிள்ளையும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் மரியாதைக்கு இடமில்லை.

"பஸ்ரியன், உமக்கென்ன இன்னும் தவக்காலம் முடியேல்லையோ?"

"ஏன் ஜெயந்தா?"

"சீலை ஊதாவாக் கிடக்கு. பெரிய கிழமையில சொரூபங்களை மூடிற துணி. பதினாலு பொம்பிளையளும் உதை உடுத்துக்கொண்டு வரிசையா நிண்டா, உள்ளுக்க ஆர் சொரூபம் எண்டு சனம் துணியைத் தூக்கிப் பாக்கும்."

"உம்மட போன் பிழை."

"என்ர போன் ஆயிரம் யூரோ."

"அப்ப விலையில பிழை," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. ஆனால் அன்ரனிட்டா தன் போனிலும் அதே படத்தைத் திறந்து சீலைக்கு மேலே வைத்துக் காட்டினாள். அங்கேயும் ஊதா. ஆயிரம் யூரோவும் நாற்பதாயிரம் ரூபாவும் முதற்தடவையாக ஒரே கருத்துச் சொல்லின.

இந்த நேரத்தில் முன்பக்கத்தில் ஆட்கள் காத்திருக்கும் மரவாங்கில் ஒரு ஆள் வந்து குந்தியது. மீன் விற்கிற பிலோமினம்மா. சந்தையில் யாவாரம் முடித்து, மீன் தீர்ந்த பேசின் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒரு சின்ன உறை. "தம்பி, நீர் வேலையை முடியும். நான் இருக்கிறன். எனக்கு உம்மோட ஒரு கணக்கிருக்கு," என்றாள்.

பஸ்ரியாம்பிள்ளை அலுமாரியைத் திறந்தார். நல்ல காரியத்துக்கு மட்டும் எடுக்கும் பொருளை எடுக்கிற மாதிரி, பட்டுத் துணியை மடிப்பு மடிப்பாக விரித்தார். சாம்பல் அட்டை பளபளவென்று வெளியே வந்தது.

"இது என்ன?" என்றாள் பிலோமினம்மா.

"நடுநிலை அட்டை அக்கா. உலகத்தில உள்ள எல்லா நிறத்துக்கும் இதுதான் நீதவான்."

"கண்ணாடி மாதிரி மினுங்குது."

"பாதுகாப்புக்கு லமினேற் பண்ணினனான்."

பின்முற்றத்தில், படங்குக்குக் கீழே, அட்டையைச் சீலைக்கு மேல் சாய்த்து வைத்தார். லமினேற் செய்த அட்டையில் மேலே கட்டியிருந்த நீலப் படங்கு, கட்டின கயிறு, கயிற்றில் இருந்த காகம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கமெரா பாவம், சொன்னதைக் கேட்கும். நீலமாக மினுங்கின அட்டையைக் காட்டி 'இதுதான் சாம்பல்' என்றதும், அது உலகத்திலிருந்தே நீலத்தை வழித்து எறிந்துவிட்டது. படம் பாரிசுக்குப் போனது.

இந்தத் தடவை ஜெயந்தா தலை வாரியிருந்தாள்.

"இப்ப காவி."

"காவியோ?"

"அசல் காவி. நயினாதீவு விகாரையில பிக்குமார் உடுத்துவினமே, அது. நான் அவையளைக் குறை சொல்லேல்லை, அவையளுக்கு அது வடிவு. எங்கட ஆக்கள் பதினாலு பேர் உந்த நிறத்தில கோயிலுக்குள்ள வந்தா, சுவாமியார் பூசை வைக்கிறதோ, வணக்கம் சொல்லிக் கதிரை போடுறதோ?" கூட்டுக்குள் குருவி கத்தியது. "பிள்ளை அன்ரனிட்டா, நான் பத்தரைக்குக் கடையில நிக்கவேணும். நான் பச்சையை எடுக்கிறன். பச்சை எதோடையும் போகும்."

"மாமி, பச்சை வேண்டாம். எப்பன் பொறுங்கோ."

அன்ரனிட்டா போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் மருந்து முடிந்துவிட்டது என்று நோயாளிக்குச் சொல்லும்போது பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"அப்ப நான் அப்பாட்டச் சொல்லட்டே அண்ணை?"

பஸ்ரியாம்பிள்ளை வாயைத் திறந்தார். வெளிச்சத்தின் வெப்பநிலை, திரையின் ஒழுங்கு, பாரிசின் பனிமூட்டம் எல்லாம் தொண்டைவரை வந்து திரும்பிப் போயின. "எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை," என்றார். கொழும்பிலிருந்து வந்த பிறகு அவர் சொன்ன முதலாவது சரியான வசனம் அது.

"விளங்காததுக்கு இதில என்ன கிடக்கு?" என்றபடி பிலோமினம்மா முற்றத்துக்குள் வந்தாள். அண்ணாந்து படங்கைப் பார்த்தாள். "நான் சந்தையில என்ன நிறப் படங்கு கட்டியிருக்கிறன், தம்பி?"

"சிவப்பு."

"ஏன் சிவப்பு? எனக்கென்ன சிவப்பில ஆசையோ? சிவப்புக்குக் கீழ வைச்சா நேற்றையான் மீனுக்கும் செவுள் இரத்தம் மாதிரித் தெரியும். விறுவிறெண்டு போகும். பழகின சனம் என்ன செய்யும் தெரியுமோ? மீனை என்ர கையால பறிச்சு, வெளியால வெயிலுக்குக் கொண்டுபோய்ச் செவுளைத் திறந்து பாக்கும். உம்மட மனுசியும் அப்பிடித்தான் பாக்கிறவ. நீர் நீலத்துக்குக் கீழ வைச்சுக்கொண்டு நிறம் தேடுறீர்."

பஸ்ரியாம்பிள்ளை படங்கைப் பார்த்தார். அதை அவரே வாங்கி, அவரே கட்டியிருந்தார்.

"சரி, வெயிலுக்குப் போவம். ஆனா அக்கா, கமெராவுக்கு ஒரு நடுநிலை காட்டவேணும். எந்தச் சாயலும் இல்லாத ஒண்டு, மினுங்காத ஒண்டு."

பிலோமினம்மா பேசினுக்குள் கையை விட்டாள். அன்று காலை கணவாய் மீன் துப்பரவாக்கியதில் உள்ளிருந்து கழிந்த ஓடுகள் நாலைந்து கிடந்தன, கோழிக்குக் குத்திப் போடக் கொண்டுபோவதற்கு. அதில் பெரியதொன்றை எடுத்து, பாவாடையில் துடைத்து, மெத்தென்ற பக்கம் மேலே வரத் திருப்பி நீட்டினாள். சுண்ணாம்புபோல வெள்ளை. ஒரு பொட்டும் மினுக்கமில்லை.

"உதைக் காட்டும்."

"மணக்குது அக்கா."

"கமெராவுக்கு மூக்கிருக்கோ?"

தெருவோரத்தில் வாங்கை இழுத்துப் போட்டு, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் சீலையை வைத்தார்கள். உச்சிக்குப் போகிற வெயில். துறைமுகப் பக்கம் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். பஸ்ரியாம்பிள்ளை கணவாய் ஓட்டைச் சீலையில் வைத்து, 'இதுதான் வெள்ளை' என்று கமெராவுக்குச் சொல்லி, ஓடும் தெரியும்படியாகவே படத்தை எடுத்தார். கமெராவின் சின்னத் திரையை அன்ரனிட்டா எட்டிப் பார்த்தாள். பிறகு சீலையைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"இதுதான் அண்ணை. இதுதான்."

அனுப்பினார்கள். ஜெயந்தா இப்போது மேற்சட்டை போட்டு, கைப்பையோடு நின்றாள்.

"முந்தினதுகளுக்கு இது பறுவாயில்லை. எண்டாலும் மஞ்சள் பத்தியிருக்கு. செங்கல்லு மாதிரி."

பஸ்ரியாம்பிள்ளை வாங்கில் இருந்துவிட்டார். சைக்கிள்காரர் ஒருவர், "யாழ்ப்பாணத்து ஆக்களைக் கூப்பிடுங்கோவன்," என்று உதவி செய்தார்.

"அது சரி, பக்கத்தில என்ன கிடக்கு?" என்றாள் ஜெயந்தா. "மஞ்சளா, பழைய சவர்க்காரம் மாதிரி?"

"சவர்க்காரமில்லை மாமி, கணவாய் ஓடு. இப்ப துடைச்ச வெள்ளை ஓடு."

பிலோமினம்மா போனுக்குள் தலையை நீட்டினாள். "ஜெயந்தா, பிலோமினா கதைக்கிறன். உன்ர பின்னால அந்தக் குருவி கொத்திறது என்னடி?"

ஜெயந்தா திரும்பிப் பார்த்தாள். "அதுவோ. குருவிக்குச் சொண்டு தீட்ட. கடையில வாங்கினது. ஒண்டு மூண்டு யூரோ."

"அது கணவாய் ஓடு."

"ஓம், அதுதான்."

"மூண்டு யூரோ," என்று பிலோமினம்மா பேசினைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு பெரும் வணிகம் உதித்து மறைந்தது. "கரை நெடுகக் கிடக்கு, காகமும் தொடாது. மூண்டு யூரோ."

அன்ரனிட்டா அவள் தோளுக்கு மேலால் போனைப் பிடித்தாள். "மாமி, அந்த ஓட்டைக் கூட்டுக்குள்ளால எடுங்கோ. எடுத்து, போன் திரையில தெரியிற ஓட்டுக்குப் பக்கத்தில பிடியுங்கோ. ரெண்டும் ஒரு நிறமோ?"

குருவி உயிர் போகிறமாதிரிக் கத்தியது. சற்று நேரம் கூரையும் கூட்டின் அடியும் மட்டும் தெரிந்தன. பிறகு ஜெயந்தாவின் குரல் மெல்ல வந்தது.

"கையில இருக்கிறது வெள்ளை. போனில இருக்கிறது மஞ்சள்."

"ரெண்டும் ஓடுதானே மாமி. அப்ப மஞ்சள் எங்க?"

"போனிலயோ," என்றாள் ஜெயந்தா. ஆயிரம் யூரோ என்ற பேச்சு வரவில்லை. "மகள் ஏதோ அமத்தி விட்டவள், கண் நோகாதாம். அதுக்குப் பிறகு எல்லாரும் எனக்குச் செங்கண்மாரி வந்து மஞ்சளிச்சவை மாதிரித்தான் தெரியினம். நான் கேக்கேல்லை. வயசுக்கு அப்பிடியாக்கும் எண்டு இருந்தனான்."

அன்ரனிட்டா சொல்லச் சொல்ல, ஜெயந்தா அமத்தி அமத்தி, கடைசியில் அந்தக் கண்பாதுகாப்பு நின்றது. பாரிசில் ஒரு நீண்ட மூச்சுக் கேட்டது.

"பிள்ளை. அரக்கடி. எங்கட அம்மாவின்ர கூறை மாதிரி."

கடைக்கு அவள் போனையும் கணவாய் ஓட்டையும் சேர்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். பிலோமினம்மா இங்கிருந்து உரத்துச் சொன்னாள்: "கடைக்குள்ள பாக்காத, கடை வெளிச்சம் கள்ள வெளிச்சம். சீலையைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லு." அன்று பாரிசில் ஒரு கடைக்காரர் மூன்று சீலைக்கட்டுகளைத் தெருவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் கணவாய் ஓட்டை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தாள் என்று கேள்வி. இரண்டாவது கட்டுப் பொருந்தியது.

அன்ரனிட்டா போனை வைத்துவிட்டு, "சரி அண்ணை, கலியாணம் உங்களுக்கு," என்றாள். பஸ்ரியாம்பிள்ளை எழும்பி, வேட்டியைச் சரிசெய்து, "நான் ஆரம்பத்திலயே சொன்னனான், வெளிச்சத்தின்ர நடத்தை..." என்று தொடங்கினார்.

"தம்பி, அந்த நடத்தை இருக்கட்டும். இப்ப என்ர நிறத்துக்கு வாரும்," என்று பிலோமினம்மா உறையை வாங்கில் கொட்டினாள்.

நாலு கடவுச்சீட்டுப் படங்கள். வேளாங்கண்ணிக்குப் போவதற்காகப் போன கிழமை இதே ஸ்ரூடியோவில் எடுத்தவை. படத்தில் ஒரு பெண் இருந்தாள். பால் நிறம். ரோசாச் சொண்டு. வெயில் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டும் இராத கன்னம்.

"கடவுச்சீட்டுக் கந்தோரில கொண்டுபோய்க் குடுத்தனான். அங்க இருந்த பிள்ளை படத்தைப் பாத்திச்சு, என்னைப் பாத்திச்சு. 'அம்மா, இது உங்கட மகளோ? அவவைத்தான் நேரில வரச் சொல்லுங்கோ' எண்டிச்சு. எனக்கு மகள் இல்லை, தம்பி. நாலும் பெடியள்."

அன்ரனிட்டா சிரிப்பை அடக்க முடியாமல் சீலைக்குள் முகத்தை வைத்தாள்.

"அக்கா, எல்லாரும் கேக்கிறவை," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "எப்பன் வெளிச்சுக் குடுக்காட்டிச் சண்டைக்கு வருவினம். இருவது வருசமாச் செய்யிறன்."

"நான் கேட்டனானோ?"

சீலைக்கு உண்மை நிறம் தேடி மூன்று தரம் படம் எடுத்த மனிதர், உடுத்திருக்கிற ஆளின் நிறத்தை ஒருபோதும் தேடியதில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தட்டுப்பட்டிருக்கவேண்டும். கமெராவை எடுத்தார். பிலோமினம்மாவை வாசலில், வெயில் நேரே விழாத ஓரத்தில் நிறுத்தினார். ஓட்டை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து அளந்து, பிறகு எடுத்துவிட்டுப் படம் பிடித்தார். கொம்பியூட்டரில் போட்டதும் பழக்கதோஷத்தில் அவர் விரல் வெளிக்கவைக்கும் பொத்தானுக்குப் போனது. பிலோமினம்மா பின்னால் நின்று செருமினாள். விரல் திரும்பியது.

படம் அச்சாகி வந்தது. கடலும் சந்தையும் ஐம்பத்தாறு வருடமாகச் செய்துவைத்த நிறம், ஒரு பொட்டும் கூடாமல் குறையாமல். பிலோமினம்மா அதைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள், தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள்.

"இவ்வளவு வடிவா இருக்கிறன்," என்றாள். "இருவது வருசமா ஒருதரும் சொல்லேல்லை, பாரும்."

கலியாணத்துக்கு முன் பஸ்ரியாம்பிள்ளை அந்த ஓட்டை லமினேற் செய்யக் கொண்டுபோனார். தடிப்புக் கூட, மெசின் ஏற்கவில்லை. நல்ல காலம். ஆகவே பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

கோயில் வாசலில், பதினாலு அரக்குச் சீலைகள் வெயிலில் வரிசையாக நிற்க, அவர் பட்டுத் துணியைப் பயபக்தியாக விரித்து, உள்ளிருந்த வெண்ணிறப் பொருளை மணப்பெண்ணின் முகத்துக்கு அருகில் பிடித்தார். கனடாவிலிருந்து வந்த பெரியப்பா ஒருவர் தொப்பியைக் கழற்றினார். எந்த அர்ச்சிஷ்டவரின், எந்தப் புனிதரின் எலும்போ என்று நினைத்து, சிலுவை அடையாளம் போட்டு, முன்னே வந்து குனிந்து உதடு பதித்து முத்தி செய்தார். அவரைப் பார்த்து அவர் மனைவி. மனைவியைப் பார்த்து இன்னும் ஆறு பேர். பஸ்ரியாம்பிள்ளை மறுக்கவில்லை. அப்படி ஒரு மரியாதை அவருடைய எந்தக் கருவிக்கும் கிடைத்ததில்லை.

எட்டாவது ஆள் முத்தி செய்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, பதினாலு பேரில் ஒருத்தியாக அல்லாமல் தன் சொந்த மஞ்சள் சீலையில் நின்ற பிலோமினம்மா சொன்னாள்: "காணும் விடுங்கோ. அது கணவாய்."

அல்பம் வந்தபோது அதே பெரியப்பா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "சீலையள் நல்ல நிறம். பிள்ளைதான் எப்பன் கறுத்துப் போனாள்," என்றார்.

அன்ரனிட்டா தன் கையை அல்பத்துக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள். "வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கோ பெரியப்பா," என்றாள்.